பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனம் எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆலைகளில் ஓடும் மின்சார மோட்டார்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை மோட்டாரைப் பற்றியவை அல்ல. மோட்டாருக்கு அடுத்து நின்று அதன் வேகத்தைக் குறைத்து, முறுக்குவிசையைக் கூட்டிக் கொடுக்கும் கியர்பாக்ஸைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

துவாஸ் வாசகர்: உணவுப்பொருள் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் உள்ள பழைய கன்வேயரின் கியர்பாக்ஸில் 'டேவிட் பிரவுன் – ரேடிகான்' என்று பொறித்திருக்கிறது. உதிரிபாகம் கேட்டால், இந்திய நிறுவனம் ஒன்றைக் கேளுங்கள் என்கிறார்கள். இது இங்கிலாந்து நிறுவனம் அல்லவா? அதன் வரலாறு என்ன?

இங்கிலாந்து நிறுவனம்தான். யார்க்‌ஷயர் வட்டாரத்தில் கம்பளி ஆலைகளால் பேர்பெற்ற ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரில் 1860ஆம் ஆண்டில் டேவிட் பிரவுன் என்பவர் அதைத் தொடங்கினார். ஆனால் அன்று அவர் நடத்தியது பற்சக்கரத் தொழிற்சாலை அன்று. வார்ப்பட ஆலைகளுக்கு மரத்தால் பேட்டர்ன் செய்து கொடுக்கும் பட்டறை. அக்காலத்தில் பெரிய பற்சக்கரங்களை இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றித்தான் செய்தார்கள். அந்த மண் அச்சைப் பதிப்பதற்குச் சக்கரத்தின் முழு உருவமும் முதலில் மரத்தில் வேண்டும். வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், பேட்டர்ன் செய்பவர் சாதாரண அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் கூடுதலாகக் கோடிட்ட தனி அளவுகோல் ஒன்று அவரிடம் இருக்கும். அதைக் கொண்டு ஒவ்வொரு பல்லையும் கையால் செதுக்கி, எல்லாப் பற்களும் ஒரே இடைவெளியில் அமையும்படி செய்துவிட்டால்தான் வார்த்தெடுக்கும் சக்கரம் ஆலையில் ஓடும்.

நீராவி எஞ்சினும் நீண்ட தண்டுகளும் மெதுவாகச் சுழன்ற காலத்துக்கு வார்த்த பற்களே போதுமானவையாக இருந்தன. கரடுமுரடாக இருந்தாலும், ஓசை எழுப்பினாலும் வேலை நடந்தது. மின்சார மோட்டாரும் மோட்டார் வாகனமும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. வேகம் கூடியபோது வார்த்த பற்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்ந்தன, தேய்ந்தன, உடைந்தன. உலோகத்தைத் துல்லியமாக வெட்டியெடுத்த பற்கள் தேவைப்பட்டன. அதற்கான இயந்திரங்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்தன: அமெரிக்காவில் எட்வின் ஃபெல்லோஸ் 1896இல் பற்களைச் செதுக்கியெடுக்கும் தமது கியர் ஷேப்பரைக் கொண்டுவந்தார்; ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஹெர்மன் ஃபௌட்டர் 1897இல், திருகு வடிவக் கருவியைச் சுழற்றிப் பற்களை வெட்டும் ஹாப்பிங் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் உலகின் பெரும்பாலான பற்சக்கரங்கள் வெட்டப்படுவது ஹாப்பிங் முறையில்தான்.

இந்த மாற்றத்தை பிரவுன் குடும்பம் உரிய காலத்தில் உணர்ந்துகொண்டது என்பதே அந்நிறுவனம் இன்றளவும் பேசப்படுவதற்கு முதற்காரணம் என்று கருதுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் மர பேட்டர்ன்களிலிருந்து இயந்திரத்தில் வெட்டும் பற்சக்கரங்களுக்கு மாறினார்கள். 1902இல் ஹட்டர்ஸ்ஃபீல்டின் லாக்வுட் பகுதியில் 'பார்க் வொர்க்ஸ்' என்ற தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்தார்கள். நிறுவனர் 1903இல் மறைந்தபின் அவருடைய பிள்ளைகள் தொழிலை எடுத்து நடத்தி, வார்ம் கியர் என்ற ஒரு வகையில் தனித்தேர்ச்சி பெற்றார்கள். 1921ஆம் ஆண்டுக்குள் உலகிலேயே மிக அதிகமாக வார்ம் கியர் செய்யும் நிறுவனம் என்ற நிலையை அடைந்துவிட்டார்கள்.

உங்கள் கன்வேயரில் உள்ள ரேடிகான் அந்த வார்ம் கியர் மரபில் வந்தது. திருகு போன்ற எஃகுத் தண்டு ஒன்று வெண்கலச் சக்கரத்தின் பற்களை வழுக்கியபடி தள்ளிக்கொண்டு போவதுதான் வார்ம் கியர். வழுக்குவதால் ஓசை குறையும். ஆனால் அதே காரணத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் எண்ணெய் மெலியும், எண்ணெய் மெலிந்தால் வெண்கலம் தேயும். அதனால்தான் அந்தப் பெட்டியின் வெளிப்புறத்தில் வரிவரியான விலாக்களையும், தண்டின் ஒரு முனையில் காற்று வீசும் விசிறியையும் காண்கிறீர்கள். நம் ஊர் வெப்பத்தில், விலாக்களுக்கு இடையே மாவும் தூசியும் படிந்து அடைத்துக்கொண்டால் அந்த ஏற்பாடு முழுவதும் வீணாகும் என்பதையும் பராமரிப்புப் பிரிவில் இருப்பவருக்கு நினைவூட்டி வைக்கிறேன்.

உதிரிபாகம் இந்தியா வழியாக வருவதற்குக் காரணம், கைமாறிய உரிமை. பிரவுன் குடும்பம் 1990இல் தொழிலை நிர்வாகத்தினரிடம் விற்றுவிட்டு விலகியது. 1998இல் அமெரிக்காவின் டெக்ஸ்ட்ரான் அதை வாங்கியது. 2008இல் ஸ்காட்லாந்தின் கிளைட் புளோவர்ஸ் அதைத் தன்வசப்படுத்தியது. 2010களின் தொடக்கத்தில், ரேடிகான் பிரிவும் அதனோடு இணைந்திருந்த சுவீடனின் பென்ஸ்லர்ஸும் மட்டும் குஜராத்தின் வல்லப் வித்யாநகரில் இயங்கும் எலிகான் நிறுவனத்துக்குக் கைமாறின. எஞ்சிய டேவிட் பிரவுன், பின்னர் ஃபின்லாந்தின் சான்டசாலோவுடன் சேர்ந்து 'டேவிட் பிரவுன் சான்டசாலோ' என்ற பெயரில் ஹட்டர்ஸ்ஃபீல்டில் தொடர்கிறது. ஆக, உங்கள் பெயர்ப்பலகையின் முதற்பாதி ஒரு நிறுவனத்திடமும் பிற்பாதி வேறொரு நிறுவனத்திடமும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது பிற்பாதி.

செங்காங் வாசகி: ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் வரும் 'டிபி' என்ற எழுத்துகள் ஒரு கியர் முதலாளியின் பெயரைக் குறிப்பவை என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மை. நிறுவனரின் பேரனுக்கும் டேவிட் பிரவுன் என்றே பெயர். 1904இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே குடும்பத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1930களின் தொடக்கத்தில் அதன் நிர்வாக இயக்குநரானார். லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் வந்த ஒரு விற்பனை விளம்பரத்தைப் பார்த்து, நொடித்துப்போயிருந்த ஆஸ்டன் மார்ட்டினை 1947இல் 20,500 பவுண்டுக்கு வாங்கினார். அதே ஆண்டிலேயே லகோண்டாவையும் வாங்கினார். டிபி2, டிபி4, 1963இல் வந்த டிபி5 ஆகியவற்றின் பெயரில் இருப்பவை அவருடைய முதலெழுத்துகளே. 1959ஆம் ஆண்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிபிஆர்1 வென்றது. அதே ஆண்டின் உலகப் பந்தயக் கார் சாம்பியன் பட்டமும் ஆஸ்டன் மார்ட்டினுக்கே கிடைத்தது.

உழவு இயந்திரத்திலும் அவர் இறங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. 1936இல் ஹாரி ஃபெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து 'ஃபெர்குசன் – பிரவுன்' டிராக்டரைத் தயாரித்தார். கலப்பையை ஹைட்ராலிக் விசையால் ஏற்றி இறக்கும் ஃபெர்குசனின் அமைப்பு அதில் இருந்தது. விலையைக் குறைக்க வேண்டும் என்பது ஃபெர்குசனின் நிலைப்பாடு. வலுவைக் கூட்ட வேண்டும் என்பது பிரவுனின் நிலைப்பாடு. இருவரும் பிரிந்தார்கள். ஃபெர்குசன் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டிடம் சென்றார். பிரவுன் 1939இல் தமது சொந்த டிராக்டரை வெளியிட்டார். பிறகு போர் மூண்டது. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலையின் மதிப்பு உயர்ந்தது டிராக்டரால் அன்று, பற்சக்கரத்தால். சர்ச்சில் டாங்கியிலும் அதன்பின் செஞ்சூரியன் டாங்கியிலும் பொருத்தப்பட்ட மெரிட் – பிரவுன் டிரான்ஸ்மிஷன், அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி மெரிட்டின் வடிவமைப்பு. டாங்கியைத் திருப்பும்போது ஒரு பக்கச் சங்கிலியைப் பிரேக் போட்டு நிறுத்தினால் எஞ்சினின் ஆற்றல் வெப்பமாக வீணாகும். மெரிட்டின் ஏற்பாட்டில் ஒரு பக்கம் இழக்கும் வேகம் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ டன் எடையுள்ள டாங்கி நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பவும் முடிந்தது. அந்தப் பந்தயக் கார்களைவிட இதுவே பெரிய சாதனை என்பது என் கருத்து. ஆனால் டாங்கியின் வயிற்றுக்குள் இருக்கும் பெட்டியை யார் சுவரொட்டியாக ஒட்டிவைத்து ரசிக்கப் போகிறார்கள்?

காருக்கும் டிராக்டருக்கும் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 1972இல் பணநெருக்கடி முற்றியபோது ஆஸ்டன் மார்ட்டினை விற்றார்கள். அதே ஆண்டில் டிராக்டர் தொழிலும் அமெரிக்காவின் டெனிகோ குழுமத்திடம் சென்று, அதன் 'கேஸ்' என்ற டிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்தது. பற்சக்கரத் தொழிலை மட்டும் குடும்பம் அதற்குப் பிறகும் 18 ஆண்டுகள் விடவில்லை. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காராக இருக்கலாம். சோறு போட்டது கியர்தான்.

ஈசூன் வாசகர்: செம்பவாங் கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பெரிய கப்பல்களின் கியர்பாக்ஸைத் திறந்தால், அம்பின் முனைபோல் இருபுறமும் சாய்ந்த பற்கள் இருக்கும். ஏன் அப்படி? அதை முதலில் கப்பலில் பொருத்தியவர் யார்?

உங்களைப் போன்றவர்களின் கடிதம் வருவது இந்தப் பகுதிக்குப் பெருமை. செம்பவாங்கில் 1938இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் திறக்கப்பட்ட உலர்துறையும், அதைச் சூழ்ந்த கடற்படைத் தளமும், 1968இல் அவை கப்பல் பட்டறையாக மாறிய கதையும் தமிழ், மலையாளத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் கதையோடு பின்னிப் பிணைந்தவை.

கேள்விக்கு வருவோம். நேரான பற்கள் ஒரே நொடியில் முழு அகலத்துக்கும் மோதிக்கொள்ளும். அதனால் ஓசையும் அதிர்வும் மிகுதி. பற்களைச் சாய்வாக வெட்டினால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை படிப்படியாகத் தொட்டுச் செல்லும், ஓட்டம் மென்மையாகும். ஆனால் சாய்வின் காரணமாகத் தண்டு நீளவாட்டில் தள்ளப்படும். ஆயிரக்கணக்கான குதிரைத்திறனைக் கடத்தும் கப்பலில் அந்தத் தள்ளுவிசையைத் தாங்குவதற்கே தனியாகப் பெரிய பேரிங் வேண்டியிருக்கும். ஒரே சக்கரத்தில் பாதிப் பற்களை இடப்புறமும் பாதியை வலப்புறமும் சாய்த்துவிட்டால் இரண்டு தள்ளுதலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நடுவில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பள்ளம், வெட்டும் கருவி ஒரு பக்கத்தை முடித்துவிட்டு வெளியே வருவதற்காக விடப்பட்ட இடம்.

கப்பலுக்கு இது இன்றியமையாததாக ஆனது நீராவி டர்பைன் வந்த பிறகு. டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் திறமையாக வேலை செய்யும். புரொப்பெல்லரோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரைச் சரியாகத் தள்ளும். டர்பைனை உருவாக்கிய சார்ல்ஸ் பார்சன்ஸ் முதலில் இரண்டையும் நேரடியாக இணைத்தே ஓட்டினார்; வேகமான போர்க்கப்பலுக்கு அது ஒத்துவந்தாலும் மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 'வெஸ்பேசியன்' என்ற பழைய சரக்குக் கப்பலை அவரே வாங்கி, அதன் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 20க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் கியரோடு டர்பைனைப் பொருத்தி, 1910ஆம் ஆண்டு வாக்கில் ஓட்டிக் காட்டினார். நிலக்கரிச் செலவு குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. கியர் பூட்டிய டர்பைன் கப்பல்கள் அதன்பின் பெருகின.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். சித்ரோவன் கார்களின் முன்புறத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அம்புமுனைகள் இருப்பதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். ஆந்த்ரே சித்ரோவன் கார் செய்வதற்கு முன்னால், இருபுறமும் சாய்ந்த பற்கள் கொண்ட சக்கரங்களைத் தயாரித்தவர். 1900ஆம் ஆண்டு வாக்கில் போலந்து சென்றபோது அதற்கான காப்புரிமையை வாங்கிவந்தார். அந்தச் சின்னம் நீங்கள் பட்டறையில் திறந்து பார்த்த அதே பல்தான்.

ஹட்டர்ஸ்ஃபீல்டும் கப்பலை விட்டுவிடவில்லை. பிரிட்டிஷ் கடற்படைக்கு இப்போது கட்டப்பட்டுவரும் டைப் 26 ரகப் போர்க்கப்பல்களின் கியர்பாக்ஸ்கள் அங்கேதான் தயாராகின்றன. நீர்மூழ்கிகளைத் தேடுவது அக்கப்பல்களின் முக்கியப் பணி என்பதால், அங்கே பற்சக்கரத்திடம் எதிர்பார்க்கப்படுவது வலிமையைக் காட்டிலும் அமைதி.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். வார்ம் கியர் தானாகப் பின்னோக்கிச் சுழலாது, ஆகவே பிரேக் தேவையில்லை என்று ஒரு மூத்த ஊழியர் சொன்னார். அது சரியா? அப்படிப்பட்ட நல்ல கியரை ஏன் இப்போது குறைத்து வருகிறார்கள்?

முதற்பகுதியை நம்ப வேண்டாம். விகிதம் அதிகமாக இருக்கும் வார்ம் கியர் நின்ற நிலையில் பின்னோக்கிச் சுழலாதிருக்கலாம். ஆனால் அதிர்வு ஏற்பட்டாலோ, நல்ல எண்ணெய் ஊற்றப்பட்டுப் பற்கள் வழவழப்பாகிவிட்டாலோ மெல்ல நழுவத் தொடங்கும். ஆள் ஏறும் எதற்கும், தலைக்குமேல் சுமை தொங்கும் எதற்கும் தனி பிரேக் கட்டாயம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் பழைய மின்தூக்கிகள் பலவற்றில் வார்ம் கியர் இருந்தது; அவற்றிலும் தூக்கியைப் பிடித்து நிறுத்தியது பிரேக்தான்.

குறைத்து வருவதற்குக் காரணம் மின்கட்டணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விகிதம் 60 உள்ள ஒரு வார்ம் கியரின் திறன் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோவாட் உள்ளே போனால் 2.4 கிலோவாட் வேலையாக வெளியே வரும், மீதி 1.6 கிலோவாட் வெப்பமாகி விசிறி வழியே போகும். அதே வேலையை சாய்ந்த பற்களும் கூம்புவடிவச் சக்கரங்களும் கொண்ட, 95 விழுக்காடு திறனுள்ள ஹெலிக்கல் – பெவல் கியர்பாக்ஸ் செய்தால் ஏறத்தாழ 2.5 கிலோவாட் போதும். சிங்கப்பூரில் 2018 முதல் ஆலை மோட்டார்களுக்குக் குறைந்தபட்ச மின்திறன் தரம் நடப்பில் இருக்கிறது. நல்ல தரமான மோட்டாரை வாங்கி ஓரிரு விழுக்காடு மிச்சம்பிடித்துவிட்டு, அதன் முன்னால் உள்ள கியர்பாக்ஸில் 40 விழுக்காட்டைக் கோட்டை விடும் ஆலைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு நாளில் சில நிமிடங்களே ஓடும் வாயிற்கதவுக்கும் சிறு தூக்கிக்கும் வார்ம் கியர் தாராளமாகப் போதும்; இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கன்வேயருக்கு அது பொருத்தமன்று.

புக்கிட் பாத்தோக் வாசகர்: கோயம்புத்தூரில் பிறந்தவன். ஊரில் இருக்கும் கியர் நிறுவனங்களுக்கும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு; இருவகையாக உண்டு. முதல்வகை, ஊரிலேயே பிறந்து வளர்ந்தவை. 1969இல் தொடங்கப்பட்ட சாந்தி கியர்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து பழகிய ஊர் அது. வார்ப்படம், லேத், பம்பு, மோட்டார் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும் இடத்தில் கியர் தொழில் வேர்விட்டதில் வியப்பில்லை; கம்பளி ஆலைகள் இருந்த ஹட்டர்ஸ்ஃபீல்டில் நடந்ததும் இதுவே. நிறுவனர் பி. சுப்பிரமணியம் 2012இல் தொழிலை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுக்கு விற்றார்; சமூகசேவையில் அதற்கு முன்பே இறங்கியிருந்தார். சிங்காநல்லூரில் குறைந்த விலையில் உணவும் மருந்தும் கொடுத்த சாந்தி சோஷியல் சர்வீஸஸ் அவர் உருவாக்கியதே. ஊருக்குப் போகும்போது அங்கே சாப்பிட்டிருக்கும் வாசகர்கள் இங்கும் பலர் இருப்பார்கள்.

இரண்டாவது வகை, வெளியிலிருந்து வந்தவை. அந்தக் கதை சற்றுச் சுற்றிவளைத்துப் போகும். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் 1923இல் டேவிட் ஹேன்சன் தொடங்கிய ஹேன்சன் நிறுவனம், தொழிற்சாலை கியர்பாக்ஸிலும் பின்னர் காற்றாலை கியர்பாக்ஸிலும் பெயர்பெற்றது. புனேவைச் சேர்ந்த காற்றாலை நிறுவனமான சுஸ்லான் 2006இல் அதை வாங்கியது. தமிழ்நாட்டின் கணவாய்க் காற்றும் கோவையின் தொழில் திறமையும் அருகருகே இருந்ததால், ஹேன்சனின் காற்றாலை கியர்பாக்ஸ் ஆலை ஒன்று கோவையில் எழுந்தது. சுஸ்லானுக்குக் கடன்சுமை கூடியபோது ஹேன்சன் இரண்டாகப் பிரிந்தது: காற்றாலைப் பகுதி 2011இல் ஜெர்மனியின் இசட்எஃப் கைக்குப் போயிற்று, தொழிற்சாலை கியர்பாக்ஸ் பகுதி அதே காலத்தில் ஜப்பானின் சுமிடோமோவுக்குப் போயிற்று. ஆகவே கோவை ஆலை இன்று இசட்எஃப் பெயரில் இயங்குகிறது.

வாங்கிய இரு நிறுவனங்களின் பிறப்பும் சுவையானது. இசட்எஃப், 1915இல் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் நகரில் செப்பெலின் வான்கப்பல்களுக்குத் துல்லியமான பற்சக்கரம் செய்வதற்கென்று பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வான்கப்பல் கட்டுவது தடைப்பட்டபோது, காருக்கு கியர்பாக்ஸ் செய்து பிழைத்துக்கொண்டது. சுமிடோமோ, லோரன்ஸ் பிராரன் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த 'சைக்லோ' முறையை 1930களின் இறுதியில் ஜப்பானுக்குக் கொண்டுபோயிற்று. அதில் வழக்கமான பற்களே கிடையாது. மையம் விலகிச் சுழலும் ஒரு தட்டின் விளிம்பில் உள்ள அலைவடிவ வளைவுகள், சுற்றிலும் நிற்கும் உருளை ஊசிகளின்மேல் உருண்டு செல்லும். ஒரே கட்டத்தில் 80க்கும் மேற்பட்ட விகிதம் கிடைக்கும். சுமை ஒன்றிரண்டு பற்களில் விழாமல் பல வளைவுகளில் பகிர்ந்து விழுவதால், திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். கல் நொறுக்கும் இடத்திலும் கழிவுநீர் நிலையத்திலும் அதை விரும்பிப் போடுவது இதனால்தான்.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஜெர்மன் கியர் மோட்டார்களைத் துவாஸிலேயே பூட்டித் தருகிறார்களாமே? நில வாடகை இவ்வளவு அதிகமான ஊரில் அது எப்படிக் கட்டுபடியாகிறது?

நீங்கள் சொல்வது எஸ்இடபிள்யூ – யூரோடிரைவ் நிறுவனத்தை. துவாஸில் அதன் பூட்டும் ஆலை இருக்கிறது. கட்டுபடியாவதன் காரணத்தை அறிய அந்நிறுவனத்தின் வரலாற்றில் இரண்டு ஆண்டுகளை நினைவில் கொண்டால் போதும்.

முதலாவது 1931. தென்மேற்கு ஜெர்மனியின் புருக்ஸால் நகரில் கிறிஸ்டியன் பேர் என்பவர் அதை நிறுவினார். மோட்டாரும் கியரும் தனித்தனியே வாங்கப்பட்டுப் பட்டையாலோ கப்ளிங்காலோ இணைக்கப்பட்ட காலம் அது. இரண்டையும் ஒரே கூட்டுக்குள் சேர்க்கும் யோசனைக்கு 1928இல் அதே நகரில் ஆல்பர்ட் ஓபர்மோசர் காப்புரிமை பெற்றிருந்தார். புதிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு வளர்ந்தது. நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுழல்கிறது. கன்வேயர் உருளைக்கோ 30 சுற்றுகள் போதும். வாடிக்கையாளர் தமக்குத் தேவையான கடைசி வேகத்தை மட்டும் சொன்னால் போதும் என்ற நிலை அப்படித்தான் உருவானது.

இரண்டாவது 1965. எஸ்இடபிள்யூ தன் தயாரிப்பு முழுவதையும் கூறுகளாகப் பிரித்து, எந்த மோட்டாரையும் எந்த கியரோடும் எந்தப் பாதத்தோடும் பிரேக்கோடும் சேர்க்கலாம் என்ற கட்டமைப்பு முறையைக் கொண்டுவந்தது. பற்களை வெட்டுவது, வெப்பத்தில் கடினமாக்குவது, அரைத்து மெருகேற்றுவது ஆகியவற்றுக்கு விலையுயர்ந்த இயந்திரங்களும் பெரிய உலைகளும் வேண்டும்; அவை சில நாடுகளில் மட்டும் இருக்கும். பூட்டும் வேலைக்கு அவை தேவையில்லை. கூறுகளின் கிடங்கும், பயிற்சி பெற்ற சில கைகளும், வண்ணம் பூசும் அறையும் போதும். ஆகவே பூட்டும் ஆலையை வாடிக்கையாளரின் வாசலிலேயே வைக்கலாம். நின்றுபோன கன்வேயரால் நாளொன்றுக்கு ஏற்படும் நட்டத்தோடு ஒப்பிட்டால் துவாஸ் வாடகை பெரிதன்று. ஜெர்மனியிலிருந்து கப்பலில் பெட்டி வரும்வரை காத்திருக்க எந்த ஆலைக்கும் முடியாது.

1860இல் மர பேட்டர்ன்களைச் செதுக்கியவரும் 1965இல் கூறுகளைப் பட்டியலிட்டவர்களும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே என்று எனக்குத் தோன்றுவதுண்டு: ஒவ்வொரு ஆலைக்கும் வேறு விகிதம், வேறு தண்டு, வேறு இடவசதி. அத்தனை வேறுபாட்டையும் குறைந்த எண்ணிக்கையிலான உருக்களைக் கொண்டு சமாளிப்பவரே இத்தொழிலில் நிலைக்கிறார்.

பொங்கோல் வாசகி: கியரே இல்லாத மோட்டார்கள் வந்துவிட்டனவே, இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா?

மின்தூக்கியில் வந்துவிட்டன. நிரந்தரக் காந்த மோட்டாரும் மின்னணு வேகக்கட்டுப்பாடும் சேர்ந்து, புதிய புளோக்குகளின் தூக்கிகளில் கியரை நீக்கிவிட்டன. காற்றாலையிலும் கியரற்ற வகை உண்டு. ஆனால் மெதுவாகவும் பெரும் விசையோடும் சுழல வேண்டிய இடத்தில் கியர் இல்லாத மோட்டார் மிகப் பெரிதாகவும் கனமாகவும் விலையுயர்ந்ததாகவும் ஆகிவிடும். பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் குடையும் இயந்திரத்தின் வெட்டுத்தலையைச் சுழற்றுபவை, அதன் பின்னால் வட்டமாக நிற்கும் பல மோட்டார்களும் ஒவ்வொன்றோடும் பூட்டிய, நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் கோள்வகை கியர்பாக்ஸ்களும்தான். துறைமுகப் பாரந்தூக்கிகள் கொள்கலனைத் தூக்குவதும் கியரால்தான். நம் வாழ்நாளில் அது மறைவதற்கு வாய்ப்பில்லை.

துவாஸ் வாசகரின் துணைக்கேள்வி: நிறுவனம் கைமாறிவிட்ட பழைய கியர்பாக்ஸுக்கு மாற்று தேடும்போது எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

பெயரைக் காட்டிலும் எண்களை நம்புங்கள். தொடர் எண், வகைக் குறியீடு, விகிதம், உள்ளே வரும் வேகம், கிலோவாட், எண்ணெயின் வகையும் அளவும் பெயர்ப்பலகையில் இருக்கும். மேலே வண்ணம் பூசப்பட்டிருந்தால் கரைப்பானால் துடைத்துப் படியுங்கள், சுரண்ட வேண்டாம். பலகையில் இல்லாதவற்றை நீங்களே அளக்க வேண்டும்: தரையிலிருந்து தண்டின் மையம் வரை உயரம், தண்டின் விட்டம், சாவிப்பள்ளத்தின் அகலம், பாதத் துளைகளின் இடைவெளி. பழைய பிரிட்டிஷ் பெட்டியில் தண்டு அங்குல அளவில் இருக்கக்கூடும். அதை மில்லிமீட்டருக்குத் தோராயமாக மாற்றி எழுதிக் கொடுத்தால் வந்துசேரும் கப்ளிங் பொருந்தாது. பெட்டி எந்த நிலையில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும், அதாவது திருகுத் தண்டு சக்கரத்துக்கு மேலா, கீழா, பக்கவாட்டிலா என்பதையும், படம் எடுத்து அனுப்புங்கள். எண்ணெயின் மட்டமும் காற்றுத்துளையின் இடமும் அதைப் பொறுத்தே மாறும். சுழலும் திசையையும் மறக்காமல் குறியுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் ரேடிகானின் இன்றைய உரிமையாளரிடமும் கேட்கலாம். விலை கட்டுபடியாகவில்லை என்றால் வேறு நிறுவனத்தின் ஹெலிக்கல் – பெவல் பெட்டி ஒன்றை, இடைத்தட்டு வைத்து அதே அடித்தளத்தில் பொருத்தமுடியுமா என்றும் கேட்கலாம். உங்கள் கன்வேயர் நாள் முழுதும் ஓடுமானால் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன்.